கூடுதல் பத்து கிலோ

ஜனவரி 9

சர்வேயர் மச்சானுக்கு,

உன் அத்தான் எழுதுறேன். எழுத்து கோணலா இருந்தா ஸ்கேல் வெச்சு அளக்காத. அஞ்சாங்கிளாஸோட நின்னவனுக்கு இதுக்கு மேல நேரா வராது. சைக்கிள் ரிம்முக்குக் கோட்டம் எடுக்கத் தெரிஞ்ச கை, எழுத்துக்குக் கோட்டம் எடுக்கப் படிக்கல.

போன் பண்ணினா உன் மக எடுக்குறா. "அப்பா தூங்குறாரு மாமா"ங்குறா. பகல் பதினோரு மணிக்கு என்ன தூக்கம்? ஆபீஸ்ல அந்த நேரத்துக்குத் தூங்குவியே, பென்ஷன் வாங்கியும் பழக்கம் விடலையா?

விஷயத்துக்கு வரேன். ஜூன்ல மலை ரோடு திறக்குறாங்க. பனி விலகி ஆறு வாரம்தான் திறந்திருக்கும். மூணு கணவாய், பதினோரு நாள்னு நீ போட்ட அட்டவணை இன்னும் என் கடைச் சுவத்துல ஒட்டியிருக்கு. கிரீஸ் கை பட்டு ரெண்டாம் நாள் அழிஞ்சுபோச்சு. சரி, அன்னைக்கு ரெஸ்ட்டுனு வெச்சுக்கலாம்.

மூணுக்கும் பேர் வெச்சிருக்கேன். முதல் கணவாய் மாமனார். பாக்க முறைப்பு, பக்கத்துல போனா விட்டுடும். ரெண்டாவது மாமியார். முடிஞ்சுதுன்னு மூச்சு விடுற இடத்துல மறுபடி ஆரம்பிக்கும். மூணாவது நீதான். உயரம், வறட்சி, உச்சியில ஒண்ணும் கிடையாது.

இன்னொண்ணு. கண்ணு டாக்டரைப் பாத்தேன். ஓரத்துல இருந்து திரை விழுந்துட்டு வருதாம். இப்பவே பைப்புக்குள்ள இருந்து பாக்குற மாதிரிதான் இருக்கு. கோட்டம் எடுக்கும்போது நாலு கம்பி தெரியுது, மத்த கம்பியெல்லாம் லீவு. இந்த ஜூன் போனா அடுத்த ஜூன் எனக்கு இல்லைன்னுட்டாரு. நீ முன்னால ஓட்டினா, உன் முதுகையே பாத்துட்டு வந்துடுவேன். அகலமான முதுகு, அதாவது தெரியும்.

செப்டம்பர்ல நடந்ததை விடு. சின்னக் கணவாய்ல ஒரு நாள் சைக்கிளைத் தள்ளிட்டு ஏறினதுக்காக ஒருத்தன் வீட்டைப் பூட்டிட்டு மக வீட்டு ஒன்பதாவது மாடியில போய் உக்காருவானா? உன் சைக்கிளை விக்கச் சொல்லிட்டுப் போன. விக்கல. எண்ணெய் போட்டுத் துடைச்சு வெச்சிருக்கேன்.

பதில் போடு.

அத்தான்


ஜனவரி 21

அத்தானுக்கு வணக்கம்.

தங்கள் கடிதம் கிடைத்தது. கேட்டவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

நான் பகலில் தூங்குவதில்லை. தங்களிடம் பேச விருப்பமில்லை என்று மகளிடம் சொன்னேன். அவள் மரியாதை கருதித் தூக்கம் என்று சொல்லியிருக்கிறாள்.

சின்னக் கணவாய் ஏற்றத்துக்கு நான் கணக்கிட்ட நேரம் மூன்று மணி பத்து நிமிடம். ஆனது ஐந்து மணி நாற்பது நிமிடம். கடைசி நான்கு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு ஏறினேன். முந்தின நாள் உங்கள் பக்கத்துக் காய்கறிக்கடைத் தராசில் பையை நானே நிறுத்தேன். பதினான்கு கிலோ. டயர் காற்று சரி. செயின் சரி. சாய்வும் நான் அளந்ததுதான். எல்லாம் சரியாக இருந்து விடை மட்டும் தவறென்றால், குறை ஓட்டுகிறவனிடம் இருக்கிறது. முப்பத்துநான்கு வருடம் நிலம் அளந்தவன், இந்தக் கணக்கில் என்னை ஏமாற்றிக்கொள்ள மாட்டேன்.

உச்சியில் நீங்கள் டீ கிளாஸோடு நின்று, "அளக்குற சங்கிலியை வயித்துல கட்டிட்டு வந்தியா மச்சான்" என்று கேட்டீர்கள். டீக்கடைக்காரன் சிரித்தான். அதை நான் விடவில்லை.

கண் விஷயம். அக்கா இருந்தபோது ஒரு மாதம் முழுக்கக் காது கேட்கவில்லை என்று நடித்தீர்கள். அவள் சிலேட்டில் எழுதி எழுதிக் காட்டினாள். நான் உங்களைப் பற்றி என்ன பேசுகிறேன் என்று ஒட்டுக்கேட்கத்தான் அந்த நாடகம் என்று பிறகு நீங்களே சொல்லிச் சிரித்தீர்கள். இப்போது கண். அடுத்து மூக்கா?

என் தாயாரை மலைக்கு ஒப்பிட்டது போதும்.

வீட்டுக்கு ஆள் வந்திருக்கிறார்கள். விற்கிறேன். சைக்கிளையும் விற்றுவிடுங்கள்.

இப்படிக்கு,
மைத்துனன்


பிப்ரவரி 2

மச்சான்,

உன் கடுதாசியைப் படிச்சேன். கோர்ட்டு நோட்டீஸ்கூட இதைவிடப் பாசமா இருக்கும்.

கண்ணு நிஜம். அந்தக் காது விஷயத்தை நீ மறக்கவே மாட்டியா? ஒரு மாசம் காது கேக்காம இருந்ததுல உன்னைப் பத்தி நான் தெரிஞ்சுக்கிட்டது, நீ என் பின்னாலயும் என்னைப் பத்தி ஒண்ணும் பேசலைங்குறதுதான். அதுவே பெரிய ஏமாத்தம். நேத்து திறந்து கிடந்த கதவோட விளிம்புல நெத்தியை இடிச்சேன். கதவு எதிர்ல இருந்தா தெரியுது, பக்கத்துல இருந்தா இல்ல. பொய்க்கு நெத்தி வீங்குமா?

வீட்டை விக்காத. அவசரம் என்ன? அன்னைக்கு எதிர்க்காத்து அடிச்சுது, உனக்கு ஞாபகம் இல்ல. வயித்துல இருந்தது செரிக்காம இருந்திருக்கும். பையில என்னென்ன இருந்துச்சோ. நீ நிறுத்ததுக்கு அப்புறம் யாராச்சும் எதையாச்சும் வெச்சிருந்தா? தராசு சரின்னு நீ எப்படிச் சொல்லுவ? அந்தக் காய்கறிக்கடை அம்மா தராசுல வாங்கின தக்காளியை நான் வீட்டுல எண்ணிப் பாத்திருக்கேன், சொல்றதுக்கில்ல.

ஒரு நாள் கூட இருந்த பாரத்தை வெச்சு உன்னை நீயே கிழவன்னு முடிவு பண்ணாத. நான் உன்னைவிட ஆறு வயசு மூத்தவன், நான் ஏறினேன்ல.

வீட்டுப் பத்திரத்துல கையெழுத்து மட்டும் போடாத. ஒரு காரணம் இருக்கு. நேர்ல சொல்றேன்.

அத்தான்


பிப்ரவரி 14

அத்தானுக்கு,

காரணம் இருந்தால் எழுத்தில் எழுதுங்கள். நேரில் சொல்வதை நீங்கள் பிறகு மாற்றிச் சொல்வீர்கள்.

அன்று காற்று எதிர்க்காற்று அல்ல, பின்காற்று. குறிப்பேட்டில் இருக்கிறது.

இங்கே மருத்துவரிடம் போனேன். இதயம், நுரையீரல், ரத்தம் எல்லாம் பார்த்து, ஒன்றுமில்லை என்றார். மகள் சந்தோஷப்பட்டாள். எனக்கு அன்றுதான் நம்பிக்கை முழுதாக விட்டுப்போனது. ஒரு நோய் இருந்தால் அதைத் தீர்க்கலாம். ஒன்றும் இல்லாமலே முடியவில்லை என்றால் அதற்குப் பெயர் முதுமை, மருந்து கிடையாது.

மாலையில் கீழே கார் நிறுத்துமிடத்தைச் சுற்றி நடக்க அனுமதி உண்டு. ஒரு சுற்று இருநூற்றுப் பன்னிரண்டு அடி. காவலாளி கூடவே நடக்கிறான். மகள் சொல்லி வைத்திருக்கிறாள். லிப்ட்டில் ஒன்பதாம் எண்ணை அவனே அழுத்துகிறான். அவர்கள் கையில் என்னை ஒப்படைத்தது நான்தான்.

பத்திரப் பதிவு மார்ச் 12, பகல் பன்னிரண்டு மணி.

மைத்துனன்


மார்ச் 3

மச்சான்,

மூணு பேப்பர் கிழிச்சுட்டேன். இது நாலாவது. இதுலயும் எழுத வரல.

எனக்கு அதே 12-ஆம் தேதி கண்ணு ஆஸ்பத்திரி. காலைல சீக்கிரமே போய் முடிச்சுட்டு, பத்து மணிக்குக் கடையில இருப்பேன். கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி வா. முகத்தைப் பாத்துச் சொல்லிடுறேன். அதுக்கு அப்புறம் அடிக்கணும்னா அடி. பம்பு கைக்கு எட்டுற இடத்துலயே வெக்கிறேன்.

அத்தான்


மார்ச் 19

ஐயா,

12-ஆம் தேதி பத்து மணிக்கு உங்கள் கடைக்கு வந்தேன். பூட்டியிருந்தது. பதினொன்று இருபது வரை வாசலில் நின்றேன். பிறகு பதிவு அலுவலகம் போய்க் கையெழுத்துப் போட்டேன்.

சைக்கிளாவது எடுத்துப்போகலாம் என்று மாலை திரும்பி வந்தேன். அப்போதும் பூட்டு. காய்கறிக்கடை அம்மா மாற்றுச் சாவி வைத்திருந்து திறந்துவிட்டாள். நீங்கள் கண் ஆஸ்பத்திரியில் இருப்பதாகச் சொன்னாள். அவளுக்கும் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள்.

சைக்கிளோடு கிளம்பும்போது அவள் கேட்டாள்: "சார், நீங்க மலைக்குப் போனதுக்கு முந்தின நாள் சாயங்காலம் பெரியவர் என் அஞ்சு கிலோ எடைக்கல்லு ரெண்டு வாங்கிட்டுப் போனாரு. ஒட்டின டியூப்பை அமுக்கி வெக்கணும்னாரு. ஆறு மாசமாச்சு. பச்சை பெயிண்ட் அடிச்ச கல்லு. உங்க பக்கம் ஏதும் இருக்கா?"

நான் நிலம் அளந்தவன். எனக்கு அவ்வளவு போதும். இருந்தாலும் கேட்கிறேன்.

ஒன்று. கற்கள் என் பையில் இருந்தனவா?

இரண்டு. உச்சியில் பையைத் திறந்தபோது அவை இல்லையே, எங்கே போயின? இறங்கும்போது வண்டி லேசாக இருந்தது. இறக்கம் என்பதால் என்று நினைத்தேன்.

மூன்று. ஜனவரியிலிருந்து மூன்று கடிதம் எழுதினீர்கள். அவற்றில் அம்மாவைக் கேலி செய்ய இடமிருந்தது, தக்காளிக்கு இடமிருந்தது. இதற்கு ஒரு வரி இல்லையா?

வீடு இப்போது வேறு ஒருவருடையது.


மார்ச் 24

மச்சான்,

இருந்துச்சு. கூடாரத் துணிக்குள்ள சுருட்டி, அடியில வெச்சேன். நீ எடை போட்டு, குறிப்பேட்டுல எழுதி, பெருமையா மூடி வெச்ச பாரு, அதைப் பாத்ததும் கை அரிச்சுது. உன் கணக்கு ஒரு தடவையாவது தப்பாகணும்னு.

உச்சியில போனதும், கூடாரத்தை விரிச்சுக் காயவைப்போம்னு சொல்லி உன் கையாலயே எடுக்க வைக்கணும். கல்லு கால்ல விழும், நீ கத்துவ, நான் சிரிப்பேன். வருஷக்கணக்கா சொல்லிச் சிரிக்கலாம். அதான் திட்டம்.

நீ தள்ளிட்டு வந்த. டீயைத் தொடல. டீக்கடைப் பக்கத்துச் சுவத்து மேல உக்காந்து, "நான் முடிஞ்சுட்டேன் அத்தான்"னு சொன்ன. கண்ணுல தண்ணி. அப்பச் சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. டீக்கடைக்காரன் நின்னுட்டிருந்தான், அவன் முன்னால சொன்னா உனக்கு இன்னும் அவமானம்னு நினைச்சேன். அப்படித்தான் எனக்கு நானே இத்தனை நாளா சொல்லிட்டிருக்கேன்.

அது பாதிதான். மீதியையும் எழுதிடுறேன், இனிமே ஒளிச்சு என்ன ஆகப்போகுது. ஒரு நிமிஷம் எனக்கு நல்லா இருந்துச்சு. முப்பது வருஷம் நீ ஆபீசர், நான் பஞ்சர்காரன். உங்க வீட்டுல எது நடந்தாலும் உனக்கு நாற்காலி, எனக்கு "மாப்பிள்ளை அந்தப் பக்கம் கொஞ்சம் ஒதுங்குங்க". உங்க அக்காவும் சாகுற வரைக்கும், "என் தம்பி மாதிரி ஒழுங்கா இருக்கக்கூடாதா"ன்னுதான் கேட்டா. அன்னைக்கு ஒரு நாள் நான் மேல நின்னு உன்னைக் கீழ பாத்தேன். அந்த ஒரு நிமிஷத்துக்கு ஆசைப்பட்டு வாயை மூடிட்டேன். நீ முகம் கழுவப் போனப்ப கல்லை எடுத்து, டீக்கடைக்குப் பின்னால சுவத்தைத் தாண்டி முள்ளுச்செடிக்குள்ள உருட்டி விட்டுட்டேன்.

அடுத்த நாள் சொல்லலாம்னு இருந்தேன். அடுத்த நாள் நீ வைத்தியம் பாக்கணும்ன. அடுத்த வாரம் மக வந்து கூட்டிட்டுப் போயிட்டா. ஒவ்வொரு நாளும் கல்லு ஒரு கிலோ ஏறிக்கிட்டே போச்சு.

12-ஆம் தேதி கண்ணுல சொட்டு மருந்து விட்டு, சாயங்காலம் வரைக்கும் எழுந்திருக்க விடல. "என் மச்சான் வாசல்ல நிப்பான், விடுங்கய்யா"ன்னு சண்டை போட்டேன். நர்ஸ், "கண்ணு முக்கியமா மச்சான் முக்கியமா"ன்னா. பதில் சொன்னா நம்பியிருக்க மாட்டா. நீயும் நம்பமாட்ட.

நீ கிழவன் இல்ல. உன் மூச்சுல குறை இல்ல. பத்து கிலோ நான்தான்.

ஜூன்ல வா. மன்னிக்க வேணாம். பேசாமலே முன்னால ஓட்டு.

அத்தான்


மே 6

மச்சான்,

ஆறு வாரமாச்சு, பதில் இல்ல. போன்ல இப்ப உன் மகளும் எடுக்குறதில்ல. ரோடு இந்த வருஷம் ஜூன் ஒண்ணாம் தேதியே திறக்குதாம். என் சைக்கிளுக்குப் புது பிரேக் கட்டை மாட்டிட்டேன். தடவித் தடவித்தான் மாட்டினேன், ஆனா சரியா மாட்டினேன்.

ஒரு கார்டு போடு. திட்டியாவது போடு.

அத்தான்


ஜூன் 17

அத்தானுக்கு,

மூன்றாவது கணவாயைக் கடந்து, அடிவாரத்து விடுதியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். தனியாகத்தான் வந்தேன். மகள் அழுதாள். காவலாளிதான் சைக்கிளை லிப்ட்டில் இறக்கிக் கொடுத்தான்.

முதலில் சின்னக் கணவாய்க்குப் போனேன். டீக்கடைக்குப் பின்னால் முட்செடிக்குள் இறங்கித் தேடினேன். கை முழுக்கக் கீறல். ஒரு கல் உடனே கிடைத்தது, மற்றது ஒன்றரை மணி நேரம் கழித்து. கீழே இறங்கி, இரண்டையும் பையில் வைத்து, மறுநாள் திரும்ப ஏறினேன். ஐந்து மணி இருபது நிமிடம். செப்டம்பரைவிட இருபது நிமிடம் குறைவு. ஓர் இடத்திலும் தள்ளவில்லை.

பிறகும் கற்களை நான் இறக்கவில்லை. மாமனார், மாமியார், மூன்றாவது, எல்லாவற்றுக்கும் தூக்கிக்கொண்டே வந்தேன். பெயர்கள் பொருத்தம்தான். அம்மா இருந்திருந்தால் அவளும் சிரித்திருப்பாள். ஏன் தூக்கினேன் என்று விடுதிக்காரர் கேட்டார். எடை மாறக்கூடாது என்றேன். உண்மை அதுவல்ல. இறக்கிவைத்தால் உங்கள் மேல் உள்ள கோபம் குறைந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. கோபம் இல்லாமல் இவ்வளவு ஏறியிருக்க மாட்டேன்.

எனக்குக் காலில் குறையில்லை, மூச்சில் குறையில்லை. திரும்பிப் போக வீடு மட்டும் இல்லை.

ஒன்று கேட்கிறேன். மாமியார் இறக்கத்தில் ஒரு நினைப்பு வந்தது. ஒருவேளை இந்தக் கிழவர் கண்ணைப் பற்றிச் சொன்னது நிஜமாக இருந்தால்? பிரேக்கைப் பிடித்து நின்றுவிட்டேன். நிஜமென்றால், அவருக்கு இருந்த ஒரே ஜூனை நான் தனியாக ஓட்டித் தீர்த்துவிட்டேன். அரை மணி நேரம் அங்கிருந்து நகர முடியவில்லை. பிறகு அந்தக் காது ஞாபகம் வந்தது, ஓட்டினேன்.

அது பொய்தானே? வழக்கமான விளையாட்டுதானே? ஆம் என்று ஒரு வரி எழுதுங்கள். கல்லுக்கும் அதற்கும் சேர்த்து ஒரே தடவையாகத் திட்டி முடித்துக்கொள்கிறேன். விடுதி முகவரி கீழே. ஜூலை பத்து வரை இங்கே இருப்பேன்.

உச்சியில் எடுத்த புகைப்படம் ஒன்று இத்துடன் இருக்கிறது. பார்த்துக்கொள்ளுங்கள்.

மைத்துனன்


ஜூலை 2

மச்சானுக்கு,

கையெழுத்து அழகா இருக்கேன்னு பயந்துடாத. செயினுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவுல விரலைக் குடுத்துட்டேன், கட்டுப் போட்டிருக்கு. நான் சொல்லச் சொல்லக் காய்கறிக்கடை அம்மா எழுதுறா. அவ எட்டாங்கிளாஸ். இந்தத் தெருவுலயே பெரிய படிப்பு.

நீ கேட்டதுக்கு பதில். ஆமா, பொய்தான். கண்ணு ஜம்முனு இருக்கு. உன்னைக் கிளப்பி மலைக்கு இழுத்துட்டுப் போகணும்னு கட்டிவிட்ட கதை. நீ நம்பலைன்னதும் எனக்கே வெக்கமாப் போச்சு. காது நாடகத்துக்கு ஏமாந்தவன் கண்ணு நாடகத்துக்கு ஏமாறலையேன்னு. வயசாயிட்டா புத்தி வருது போல.

அதனால இறக்கத்துல நின்னு யோசிக்குற வேலையெல்லாம் வேணாம். பின்னால வர்றவன் மோதிடுவான்.

நான் ஏன் வரலைன்னு கேப்ப. முட்டி வலி. அவ்வளவுதான். என் சைக்கிளைக்கூட வித்துட்டேன், நல்ல ஆள் வந்தான். கடையையும் கொஞ்ச நாளைக்குச் சாத்தி வெச்சிருக்கேன், ரெஸ்ட்டு. உன் அட்டவணையில அழிஞ்சுபோன ரெண்டாம் நாளை நான் இங்க உக்காந்து எடுத்துக்குறேன்.

போட்டோ பாத்தேன். மலை உச்சியிலயும் சட்டை பட்டனைக் கழுத்து வரைக்கும் போட்டுட்டு நிக்குற. அங்க யாரு உன்கிட்ட மனு குடுக்க வரப்போறாங்க? இளைச்சிருக்க, ஆனா நல்லா இருக்க. முகத்துல ஒரு தெளிவு இருக்கு. முன்னாடி கிடையாது.

இப்பத் திட்டு. நல்லா நீளமா எழுதித் திட்டு. அட்ரஸ் அதேதான்.

அத்தான்

சார், இதுக்குக் கீழ இருக்குறது நானா எழுதுறது. பெரியவருக்குப் படிச்சுக் காட்டல. போட்டோவுல ஆளே இல்லீங்க. சுவத்து மேல என் கல்லு ரெண்டும்தான் இருக்கு, பச்சை பெயிண்ட் நல்லா தெரியுது. அவரு அதை எடுத்துத் தடவிப் பாத்துட்டு, தலைகீழா சட்டைப் பையில வெச்சிக்கிட்டாரு. கல்லை அங்கயே விட்டுடாதீங்க. நீங்களே கொண்டு வந்து குடுங்க.